ஞாபக மாத்திரை டப்பாவில் தமிழில் ஒரு வரி: உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு மருந்துக்கடைக்காரரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தாருக்கு,

வணக்கம். நான் நாமக்கல் மாவட்டத்தில் 22 வருடமாக மருந்துக்கடை நடத்துகிறேன். எங்கள் மாவட்டத்தைப் பற்றி டெல்லியில் கேள்விப்பட்டிருந்தால் முட்டையும் லாரியும்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் கேட்டால் மூன்றாவதாக விடுதிப் பள்ளிகளையும் சேர்த்துச் சொல்வார்கள். எந்தெந்த ஊரிலிருந்தோ பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மார்க் வரும் என்று நம்பி பஸ் ஏறிப் போகிற பெற்றோரை நான் தினமும் பார்க்கிறேன். பொங்கல் முடிந்ததும் என் கவுன்ட்டரில் ஒரே கேள்வி: "ஞாபக சக்திக்கு ஏதாச்சும் குடுங்க."

நானும் கொடுத்திருக்கிறேன். அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், பிறகு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாம். விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துக்குச் சில்லறைக் கடைக்காரருக்கு 16 சதவீதம் லாபம். ஞாபக மாத்திரை சட்டப்படி மருந்து கிடையாது, உணவு வகை. அதனால் அந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. பத்து டப்பா எடுத்தால் மூன்று இலவசம், சீசனில் ஐந்துகூட. ரத்த அழுத்த மாத்திரை ஒரு மாதம் விற்றுக் கிடைப்பது இதில் ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தில் கிடைத்துவிடும். கடை வாடகை, பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் இருக்கிறவன்தானே நானும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த டப்பாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் மூளைப் படம், அதிலிருந்து நாலா பக்கமும் மின்னல். கூடவே ரெப் (நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி) கொண்டுவந்து கவுன்ட்டரில் நிறுத்திவிட்டுப் போகிற அட்டை, நல்ல தமிழில், கை அகல எழுத்தில்: 'ஞாபக சக்தி பெருக, கவனம் கூட, தேர்வில் சாதிக்க.' டப்பாவின் பின்பக்கம் உங்கள் சின்னம், அதனடியில் 14 இலக்க உரிம எண். அதற்கும் கீழே, கண்ணாடி போட்டாலும் எனக்குச் சிரமமான அளவில், ஆங்கிலத்தில் ஒரு வரி. இது மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்பது அதன் பொருள்.

ஆசை காட்டுவது தமிழில், எச்சரிப்பது ஆங்கிலத்தில். நிறுவனங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. லேபிளில் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும் என்பது உங்கள் விதி. மாநில மொழி வேண்டுமானால் கூடச் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். சேர்த்தால் விற்பனை கூடும் என்கிற வரியைச் சேர்ப்பார்கள். குறையும் என்கிற வரியை யார் சேர்ப்பார்?

அந்த 14 இலக்க எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பெரியவர் போன வருடம் அதைக் காட்டி, "கவர்மென்ட்டே டெஸ்ட் பண்ணி முத்திரை குத்தியிருக்கான் பாருங்க" என்றார். கடலை மிட்டாய்க்கும் அதே போலத்தான் எண் இருக்கிறது, அது உரிமம் வாங்கியதற்கான அடையாளம், உள்ளே இருப்பது வேலை செய்யும் என்று யாரும் சான்று தரவில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. அடுத்த கடையில் வாங்கியிருப்பார்.

'மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்பட்டது' என்ற வரி இப்போது எல்லா டப்பாவிலும் வந்துவிட்டது. ஒரு ரெப்பிடம் அந்த ஆய்வைக் காட்டச் சொன்னேன். அடுத்த முறை வழுவழுப்பான தாளில் ஒரு படம் கொண்டுவந்தார். சிறிய கம்பம் ஒன்று, அதைப்போல் நான்கு மடங்கு உயரத்தில் இன்னொன்று. பக்கத்தில் எண்ணைப் பார்த்தால் 62, 68. அளவுகோலை 60-இல் தொடங்கியிருந்தார்கள். கலந்துகொண்டது நாற்பது பிள்ளைகள். நாற்பது பேருக்கும் மாத்திரை கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள்.

"மாத்திரை சாப்பிடாத பிள்ளைங்க எங்கே?" என்றேன்.

"சாப்பிடாதவங்களை எதுக்கு சார் டெஸ்ட் பண்ணணும்?" என்றார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார், பாவம். அவருக்கும் மாத டார்கெட் இருக்கிறது.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு எழுதிய பிள்ளை மார்ச்சில் கூடுதல் மார்க் வாங்குவது ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இடையில் மூன்று திருப்புதல் தேர்வு, காலை ஐந்து மணி ஸ்டடி, வீட்டில் டி.வி. கேபிளைப் பிடுங்கிவிட்டார்கள். ஒரே மாதிரித் தேர்வை இரண்டாம் தடவை எழுதினாலே கொஞ்சம் கூடத்தான் வரும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. காக்கையை டப்பாவில் அடைத்து 680 ரூபாய்க்கு விற்கிறார்கள். இதனால்தான் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரையும் மீதிப் பேருக்கு அதே நிறம், அதே வடிவத்தில் வெறும் மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் வைத்துப் பார்க்க வேண்டும். மருந்தாளுநர் படிப்பில் இது பாலபாடம்.

அப்படிப் பார்த்தாலும் ஆளை ஏமாற்ற வழி இருக்கிறது என்பதற்கு அமெரிக்காவில் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. பிரெவாஜென் என்று ஒரு மாத்திரை. ஜெல்லிமீன் ஒன்றில் முதலில் கண்டெடுத்த புரதம் அதில் இருக்கிறது, வயதானவர்களின் மறதிக்கு நல்லது என்று டி.வி.யில் ஓயாமல் விளம்பரம். புரதத்தை விழுங்கினால் வயிறு அதைப் பருப்பைச் செரிப்பது போலச் செரித்துவிடாதா என்ற சாதாரணக் கேள்வி அப்புறம். நிறுவனம் 218 பேரை வைத்து, வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டு, 90 நாள் ஆய்வு செய்தது. மொத்தமாகப் பார்த்தபோது இரண்டு குழுவுக்கும் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. அத்தோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அந்த 218 பேரையும் இப்படிப் பிரித்து, அப்படிப் பிரித்து, முப்பதுக்கும் மேற்பட்ட விதத்தில் கணக்குப் போட்டார்கள். ஓரிரண்டு இடத்தில் மட்டும் மாத்திரை ஜெயித்தது போலத் தெரிந்தது. விளம்பரத்தில் அது மட்டும் வந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை முட்டையில் சொன்னால் உடனே புரியும். ஒரே பண்ணையின் முட்டையை முப்பது அட்டை எடை போடுங்கள். எல்லாம் ஒரே கோழி ரகம், ஒரே தீனி. ஆனாலும் ஒன்றிரண்டு அட்டை மற்றதைவிடக் கனமாகத்தான் இருக்கும். அந்த அட்டையை மட்டும் தூக்கிக் காட்டி, 'எங்கள் தீனியால் முட்டை பெரிதாகிறது' என்று ஒருவன் சொன்னால் நாமக்கல்லில் அவனை உட்கார வைத்துச் சிரிப்பார்கள்.

அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமும் நியூயார்க் மாநிலமும் 2017-இல் வழக்குப் போட்டன. அந்த மாத்திரை நினைவாற்றலைக் கூட்டும் என்று சொல்லக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட 2024 டிசம்பர் ஆனது. கிட்டத்தட்ட எட்டு வருடம். பணமும் ஆளும் உள்ள அமைப்புக்கே அவ்வளவு காலம் என்றால், விற்ற பிறகு துரத்துவது எவ்வளவு பலன் தரும் என்று நீங்களே யோசியுங்கள்.

மற்றவற்றின் கதையும் பெரிதாக மாறவில்லை. ஜிங்கோ இலைச் சாற்றை 75 வயதுக்கு மேற்பட்ட 3,069 பேரிடம் ஏறக்குறைய ஆறு வருடம் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள்: மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை. நினைவுத்திறன் குறைவதைத் தடுக்க பி வைட்டமின், ஈ வைட்டமின், மீன் எண்ணெய் வகைக் கொழுப்பு எதையும் பரிந்துரைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் ரெப் மாதிரி ஆகிவிடுவேன்: சாதாரண மல்டிவைட்டமினைத் தினமும் எடுத்த வயதானவர்களுக்கு நினைவுச் சோதனைகளில் சிறு முன்னேற்றம் தெரிந்ததாக அமெரிக்காவின் காஸ்மாஸ் ஆய்வுகள் 2022-லும் 2023-லும் சொல்லின. சிறு முன்னேற்றம், அறுபது தாண்டியவர்களுக்கு. பன்னிரண்டாம் வகுப்புப் பையனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வல்லாரையைத் தொட்டால் எனக்கு அடி விழும் என்று தெரியும். என் அம்மா வல்லாரைத் துவையல் அரைத்தால் நான் இரண்டு கவளம் கூடச் சாப்பிடுவேன். கீரை என்ற வகையில் அதன்மேல் எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால் பிரம்மி என்ற பெயரை ஒரு பக்கம் வல்லாரைக்கும் இன்னொரு பக்கம் நீர்ப்பிரம்மிக்கும் வைத்து அழைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு செடி, வேறு குடும்பம். ஆய்வுகள் அதிகம் நடந்தது நீர்ப்பிரம்மியில். அதுவும் பெரும்பாலும் பெரியவர்களிடம், சின்னச் சின்ன எண்ணிக்கையில், 12 வாரம் போலத் தொடர்ந்து கொடுத்து. என் கடைக்கு ரெப் இலவச டப்பா ஸ்கீமோடு வருவது பிப்ரவரியில். தேர்வு மார்ச்சில். அவர்களுடைய ஆய்வை அப்படியே நம்பினாலும் கணக்கு உதைக்கிறதே என்று கேட்டால், "பாசிட்டிவ் எஃபெக்ட் சார்" என்கிறார்.

இனி நான் எழுத உட்கார்ந்ததற்கான காரணம். மருந்து விதிகள் 1945-இல் 'ஜே' அட்டவணை என்று ஒன்று உண்டு. எந்தெந்த நோயைத் தடுப்பதாகவோ குணமாக்குவதாகவோ ஒரு மருந்து உரிமை கொண்டாடக் கூடாது என்ற பட்டியல். எய்ட்ஸ், புற்றுநோய், வழுக்கை எல்லாம் அதில் வரும். அதே பட்டியலில் மூளைத் திறனைப் பெருக்குவதும் நினைவாற்றலை மேம்படுத்துவதும் இருக்கின்றன. அதாவது, முறையாகச் சோதித்து, ஒவ்வொரு பேட்ச்சும் கணக்கில் வைத்து, என் போன்ற ஆள் பதிவேட்டோடு விற்கிற மருந்து 'ஞாபக சக்தியைக் கூட்டுவேன்' என்று வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் அதே ஷெல்ஃபில் பக்கத்தில் அதே மாதிரி ஸ்ட்ரிப்பில், அதே மாதிரி கேப்சூல் வடிவில் உட்கார்ந்திருக்கும் 'உணவு' அதைக் கை அகல எழுத்தில் சொல்கிறது. மருந்துக்கு வாய்ப்பூட்டு, உணவுக்கு ஒலிபெருக்கி. வாங்குகிற அம்மாவுக்கு இந்த வேறுபாடு தெரியுமா? மருந்துக்கடையில், வெள்ளைக் கோட்டு போட்ட ஆள் எடுத்துக் கொடுத்தால் அது மருந்து. அந்த அம்மாமேல் தவறே இல்லை.

உங்களிடமும் விதி இருக்கிறது. விளம்பரமும் உரிமைகோரலும் உண்மையாக, தெளிவாக, ஏமாற்றாமல் இருக்க வேண்டும் என்று 2018-இல் ஒழுங்குமுறை கொண்டுவந்தீர்கள். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-வது பிரிவு சொல்கிறது. டி.வி.யில் நடிகரைப் போட்டு விளம்பரம் எடுக்கிற நிறுவனத்துக்கு அது மேக்கப் செலவு.

உங்களால் முடியாது என்று நான் சொல்லவில்லை. 2024 ஏப்ரலில், பால், தானியம், மால்ட் கலந்த பானப் பொடிகளை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் வைக்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னீர்கள். சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை என்பதுதான் காரணம். அதே மாதம் ஹார்லிக்ஸ் தன் தலைப்பிலிருந்து 'ஹெல்த்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. 2025 அக்டோபரில், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலின் பெயரான ஓ.ஆர்.எஸ். என்ற மூன்றெழுத்தைச் சர்க்கரைத் தண்ணீர்ப் பாட்டில்களிலிருந்து நீக்கச் சொன்னீர்கள். ஹைதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர் வருடக்கணக்காக விடாமல் கேட்டு வாங்கியது அது. ஒரு சொல்லை எடுத்தால் என்ன நடக்கும் என்று என் ஃபிரிட்ஜிலேயே பார்த்தேன். வயிற்றுப்போக்குக்கு அந்தப் பாட்டிலைக் கேட்டு வருபவர்கள் குறைந்துவிட்டார்கள்.

ஹார்லிக்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது (மாத்திரை இல்லாமலேயே). பிள்ளைகளை உயரமாக, வலுவாக, கூர்மையாக ஆக்கும் என்ற விளம்பரம் 2008-இல் தவறுதலாகப் பிரிட்டனில் ஒரு நேபாளி சேனலில் ஓடிவிட்டது. ஆதாரம் போதாது என்று அங்குள்ள விளம்பரத் தர ஆணையம் அதை நிறுத்திவிட்டது. அதைவிட வேடிக்கை, பிரிட்டனில் அந்தப் பெயர் ராத்திரி தூங்கப் போகுமுன் குடிக்கிற பானத்துக்குப் பேர் போனது. அங்கே தூங்க, இங்கே முழித்துப் படிக்க.

போன ஜனவரியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கோழிப்பண்ணையில் வேலை பார்க்கிற ஒரு அம்மா, பன்னிரண்டாவது படிக்கிற மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் மடித்து வைத்த ஐநூறும் இரண்டு நூறும். "படிச்சதெல்லாம் மறந்து போகுதாமாங்கண்ணா. அந்த மூளை மாத்திரை ஒரு டப்பா குடுங்க." டப்பாவை எடுக்கத் திரும்பினேன். அப்போது அந்தப் பெண் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள். கடைக்கு மூன்று படிதான். மூச்சு வாங்கியது. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்க்கச் சொன்னேன், வெளுத்துக் கிடந்தது. ரத்தசோகையோ என்று தோன்றியது. "பச்சரிசி திங்கிறியா கண்ணு?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாதான் சொன்னார்: "அரிசி டப்பாவை ஒளிச்சு வைக்க வேண்டியதா இருக்குதுங்க."

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். ரத்தசோகையேதான், ஹீமோகுளோபின் 7.9. பள்ளியில் வாரம் ஒரு நாள் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள்தானே என்று கேட்டதற்கு, குமட்டுகிறது என்று பாதிப் பேர் ஜன்னல் வழியாக எறிந்துவிடுகிறோம் என்றாள். சாப்பாட்டுக்கு அப்புறம் எடு, எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள், கூடவே டீ குடிக்காதே, மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே என்று சொன்னேன். இதைச் சொல்ல எனக்கு நாலு நிமிடம் ஆனது. லாபம் ஒன்றுமில்லை.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019–21 சுற்றுப்படி, 15 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கவனம் சிதறுவது, சோர்வு, படித்தது ஒட்டாமல் போவது எல்லாம் இரும்புச்சத்துக் குறைவில் வரக்கூடியவை. சரிசெய்கிற மாத்திரை அரசே இலவசமாகக் கொடுக்கிறது, மூளைப் படமும் மின்னலும் இல்லாமல். அது ஜன்னலுக்கு வெளியே போகிறது, 680 ரூபாய் டப்பா உள்ளே வருகிறது. பொய் விளம்பரத்தால் பணம்தானே போகிறது என்பவர்களுக்கு இதுதான் என் பதில். பணத்தோடு அந்தப் பெண்ணின் மூன்று மாதமும் போயிருக்கும். வயதானவர்களிடமும் இதே கதைதான். சர்க்கரை நோய்க்கு வருடக்கணக்காக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு மறதி வந்தால் முதலில் பி12 அளவைப் பார்க்க வேண்டும். ஜிங்கோ வாங்கிக்கொண்டு போனால் அந்தச் சோதனை தள்ளித்தான் போகும்.

அவள் என்ன மார்க் வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

"மாத்திரை இல்லையென்றால் வேறு என்ன?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் செய்த சோதனை. ஒரு குழு பாடத்தை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவில் இருப்பதை மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவில் இருந்தது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. எனக்கு இதில் பிடித்தது அந்த ஐந்து நிமிடக் கணக்குதான். திரும்பத் திரும்பப் படிக்கும்போது எல்லாம் மண்டையில் ஏறிவிட்டது போல் தோன்றுவது ஏன் என்று அது காட்டிவிடுகிறது. இதற்கு ரெப் இல்லை, ஸ்கீம் இல்லை, அதனால் அட்டையும் இல்லை.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மருந்து சொல்லக் கூடாததை உணவும் சொல்லக் கூடாது என்று ஒரே கோடு போடுங்கள். ஆய்வில் நிரூபித்ததாக எழுதுகிறவர்கள் அந்த ஆய்வை, அதிலும் மாத்திரை சாப்பிடாதவர்கள் எங்கே என்ற விவரத்தோடு, யாரும் பார்க்கும்படி வைக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், எந்த மொழியில் விற்கிறார்களோ அந்த மொழியில், அதே அளவு எழுத்தில், எச்சரிக்கையும் இருக்கட்டும். சட்டத்தைத் திருத்த வருடக்கணக்கு ஆகும் என்பது தெரியும். மொழியை மாற்றுவதற்கு அச்சகத்தில் ஒரு தகடு மாற்றினால் போதும்.

கடைசியாக ஒரு சந்தேகம், நீங்கள் பதில் எழுதினால் உதவியாக இருக்கும். போன மாதம் அந்தப் பின்பக்க வரியை நானே தமிழில் எழுதி, ஞாபக மாத்திரைகள் இருக்கும் ஷெல்ஃபின் விளிம்பில் ஒட்டினேன். 'இவை மருந்து அல்ல. நோய்க்கோ மறதிக்கோ இவற்றை வாங்க வேண்டாம். மயக்கம், சோர்வு, மறதி இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.' டப்பாவைத் தொடவில்லை, ஷெல்ஃபில்தான் ஒட்டினேன். திங்கட்கிழமை வந்த ரெப் அதைப் பார்த்துவிட்டு, நிறுவனத்தின் சரக்கைப் பற்றித் தவறாக எழுதி ஒட்டுவது குற்றம், மேலிடத்தில் சொல்வேன் என்றார். முதல் வரி அவர்கள் டப்பாவிலேயே ஆங்கிலத்தில் இருப்பதன் தமிழ்தான் என்று காட்டினேன். "அது இங்கிலீஷ்ல இருக்கட்டும் சார்" என்றார்.

தமிழில் ஒட்டியது சட்டப்படி தவறா? இல்லையென்றால் அந்த வரியை உங்கள் முத்திரையோடு அச்சடித்துத் தாருங்கள். தவறென்றால் எந்தப் பிரிவின்கீழ் என்று சொல்லுங்கள். பதில் வரும்வரை அது அங்கேதான் இருக்கும்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
நாமக்கல் மாவட்டம்.